விலை மாறினால் திரையும் மாற வேண்டும்: வெப்சாக்கெட் இணைப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூவின் விலை ஒரே காலைப்பொழுதுக்குள் பலமுறை மாறக்கூடியது. வரத்து கூடினால் இறங்கும். கேரளத்துக்குப் பூ ஏற்றும் வியாபாரிகள் கூடுதலாக வாங்கத் தொடங்கினால் ஏறும். முகூர்த்த நாளோ ஓணமோ நெருங்கினால் ஏற்றம் இன்னும் வேகமாக இருக்கும். இந்த விலையை நாகர்கோவிலில் மாலை கட்டும் கடைக்காரரும், மார்த்தாண்டத்துச் சில்லறை வியாபாரியும், திருவனந்தபுரத்து மொத்த வியாபாரியும் தத்தம் செல்போனில் அந்தக் கணமே பார்க்கும்படி ஓர் இணையப்பக்கம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பூக்களின் பெயரையும் விலையையும் வரிசையாகக் காட்டும் பலகையை அமைப்பது எளிது. ஆனால் விலை மாறிய மறுகணமே, பார்ப்பவர் எதையும் தொடாமல், திரையில் இருக்கும் எண் தானாக மாற வேண்டும் என்று கேட்கும்போது, இணையம் இயங்கும் அடிப்படை முறையோடே அந்தத் தேவை மோதுகிறது. மோதல் எங்கே இருக்கிறது, வெப்சாக்கெட் அதை எப்படித் தீர்க்கிறது, அதன் பிறகு பிரவுசரில் ஓடும் முகப்பு நிரலை எழுதுபவருக்கு என்ன பொறுப்பு வந்து சேர்கிறது என்பதை, ஜாவாஸ்கிரிப்ட் படித்து முடித்து முதல் செயலியைக் கட்டத் தொடங்கியிருக்கும் நம் மாவட்டத்து மாணவர் ஒருவருக்குப் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

கேட்டால் மட்டும் பதில் சொல்லும் சர்வர்

பிரவுசரும் சர்வரும் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். இந்த முறையில் பேச்சை எப்போதும் பிரவுசர்தான் தொடங்க வேண்டும். பிரவுசர் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது, சர்வர் அதற்கு ஒரு பதிலை அனுப்புகிறது, அத்துடன் அந்தப் பரிமாற்றம் முடிந்துவிடுகிறது. கேந்திப்பூவின் விலை கிலோவுக்கு 60 ரூபாயிலிருந்து 80 ரூபாயாக உயர்ந்ததைச் சர்வர் அறிந்திருந்தாலும், பிரவுசர் மீண்டும் ஒருமுறை கேட்கும் வரை அதைத் தானாக முன்வந்து சொல்ல இந்த முறையில் வழியில்லை. கட்டுரைகளையும் படங்களையும் எடுத்துப் படிப்பதற்காக உருவான முறை என்பதால், அதன் தொடக்க நாட்களில் இதை யாரும் குறையாக உணரவில்லை.

பிறகு பக்கத்தை முழுவதும் மீண்டும் ஏற்றாமலே சிறு சிறு தகவல்களைக் கேட்டுப் பெறும் வழி பரவியது. 2005ஆம் ஆண்டில் அதற்கு அஜாக்ஸ் என்ற பெயர் கிடைத்தது. அதன் துணையோடு பலரும் கையாண்ட முதல் உத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருப்பதாகும். இதைப் போலிங் என்பார்கள். நம் பூ விலைப் பலகையை 200 பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றும், ஒவ்வொருவருடைய பிரவுசரும் 5 விநாடிக்கு ஒருமுறை விலையைக் கேட்கிறது என்றும் கொண்டால், சர்வருக்கு விநாடிக்கு 40 கோரிக்கைகள், மணிக்கு 1,44,000 கோரிக்கைகள் வந்து சேரும். அந்த ஒரு மணி நேரத்தில் விலை பத்து முறைதான் மாறியிருக்கும் என்றால், ஏறக்குறைய எல்லாக் கோரிக்கைகளுக்கும் ‘மாற்றமில்லை’ என்பதே பதில். ஒவ்வொரு கோரிக்கையும் குக்கீ (பயனாளியை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) முதலிய பல தலைப்பு வரிகளைச் சுமந்துகொண்டு வருவதால், இந்த வீண் போக்குவரத்து பயனாளியின் டேட்டாவையும் பேட்டரியையும் தின்கிறது. இத்தனைக்குப் பிறகும் விலை மாறியது அவருக்குத் தெரிய 5 விநாடி வரை ஆகலாம்.

இதைவிடச் சற்று நயமான உத்தி லாங் போலிங். பிரவுசர் கேட்டவுடன் சர்வர் பதில் சொல்லாமல், புதிய தகவல் வரும் வரை அந்தக் கோரிக்கையைப் பிடித்து வைத்திருக்கும். தகவல் வந்ததும் பதிலை அனுப்பும். பிரவுசர் அதைப் பெற்றவுடன் அடுத்த கோரிக்கையை அனுப்பிக் காத்திருக்கும். தாமதம் குறைந்தது உண்மைதான். ஆயினும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முழுக் கோரிக்கை என்ற செலவு அப்படியே நின்றது.

ஒருமுறை கைகோத்து, திறந்தே வைத்திருப்பது

வெப்சாக்கெட் முறை 2011ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் எல்லா முதன்மைப் பிரவுசர்களும் அதை ஆதரிக்கின்றன. பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே ஒரே ஓர் இணைப்பைத் திறந்து, அதை மூடாமல் வைத்திருந்து, இரு பக்கத்தில் எவர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் செய்தி அனுப்ப இடம் கொடுப்பதே அதன் அடிப்படை. விலை மாறினால் சர்வர் தானே சொல்லும். சொல்ல ஏதுமில்லை என்றால் இணைப்பு அமைதியாகத் திறந்தே இருக்கும்.

இந்த இணைப்பு எச்டிடிபி கோரிக்கையாகவே பிறக்கிறது என்பது பலரும் கவனிக்காத செய்தி. பிரவுசர் முதலில் ஒரு சாதாரண ‘கெட்’ கோரிக்கையை அனுப்புகிறது. ஆனால் அதன் தலைப்பு வரிகளில், ‘இந்த இணைப்பை வெப்சாக்கெட்டாக மாற்ற விரும்புகிறேன்’ என்ற குறிப்பும், தற்செயலாக உருவாக்கப்பட்ட 16 பைட் கொண்ட ஒரு சாவியும் இருக்கும். சர்வர் அந்தச் சாவியோடு தர ஆவணத்தில் குறிப்பிடப்பட்டுள்ள மாறாத ஒரு சரத்தைச் சேர்த்து, ஷா-1 என்ற கணக்கு முறையில் சுருக்கி, விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். பதிலின் நிலை எண் 200 ஆக இராது. ‘முறையை மாற்றிக்கொள்கிறேன்’ என்று பொருள்படும் 101 ஆக இருக்கும். சாவி, சுருக்கம் என்ற சொற்களைப் பார்த்து இது தகவலைப் பாதுகாக்கும் ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்முனையில் இருப்பது வெப்சாக்கெட்டை அறிந்த சர்வர்தான், எதையோ எதற்கோ பதிலாகத் தரும் வேறொரு சர்வரோ இடையில் நின்று பழைய பதிலைத் தரும் சேமிப்போ அன்று என்பதை உறுதிசெய்வதற்கு மட்டுமே இந்தக் கணக்கு.

கைகோத்தல் முடிந்ததும் அதே இணைப்பில் எச்டிடிபி நின்றுபோய், பிரேம் எனப்படும் சிறு பொதிகளாகச் செய்திகள் செல்லத் தொடங்குகின்றன. 125 பைட்டுக்குள் அடங்கும் ஒரு செய்தியைச் சர்வர் அனுப்பும்போது அதன் மேல் ஏறும் கூடுதல் சுமை 2 பைட் மட்டுமே. பிரவுசர் அனுப்பும் செய்திகளுக்கு இன்னும் 4 பைட் சேரும். ஏனென்றால் பிரவுசரிலிருந்து செல்லும் ஒவ்வொரு பிரேமும் தற்செயலான ஒரு முகமூடி எண்ணால் மறைக்கப்பட வேண்டும் என்பது விதி. இடையில் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றும் ப்ராக்சி என்ற சர்வர்களை ஏமாற்றி அவற்றின் சேமிப்பில் பொய்யான பக்கங்களைப் புகுத்தும் தாக்குதலைத் தடுக்கவே அந்த விதி வந்தது. எப்படியாயினும் முன்பு நூற்றுக்கணக்கான பைட்டுகளாக இருந்த சுமை இப்போது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு நற்செய்தி உண்டு. வெப்சாக்கெட்டின் எழுத்துச் செய்திகள், எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில்தான் இருக்க வேண்டும் என்று தரமே கட்டாயப்படுத்துவதால், ‘பிச்சி’, ‘கொழுந்து’, ‘சம்பங்கி’ என்று தமிழிலேயே அனுப்பலாம். எந்தத் தனி அமைப்பும் தேவையில்லை. ஆனால் அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘பிச்சி’ என்ற சொல்லில் மெய்யுருவும் துணைக்குறியும் புள்ளியுமாக ஆறு குறிகள் இருப்பதால் அது 18 பைட் ஆகிறது. ஆகவே இணைப்பு திறந்தவுடன் பூக்களின் பெயர்ப்பட்டியலை ஒருமுறை அனுப்பிவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு விலை மாற்றத்தின் போதும் பூவுக்கு உரிய எண்ணை மட்டும் அனுப்புவது நல்ல பழக்கம்.

முகப்பு நிரலில் இது எப்படி இருக்கும்

ஜாவாஸ்கிரிப்டில் ‘நியூ வெப்சாக்கெட்’ என்று எழுதி, டபிள்யூஎஸ்எஸ் என்று தொடங்கும் சர்வர் முகவரியைக் கொடுத்தால் இணைப்பு தொடங்கிவிடும். தனி நூலகம் எதுவும் தேவையில்லை; பிரவுசரிலேயே இது இருக்கிறது. கிடைக்கும் பொருளில் நான்கு நிகழ்வுகளைக் கவனிக்க வேண்டும். இணைப்பு திறந்ததும் ‘ஓபன்’, ஒவ்வொரு செய்தி வரும்போதும் ‘மெசேஜ்’, பிழை நேர்ந்தால் ‘எரர்’, இணைப்பு முடிந்ததும் ‘குளோஸ்’ என்ற நிகழ்வு எழும். பிழை நிகழ்வு ஏன் பிழை என்று எதையும் சொல்லாது. உள்நெட்வொர்க்குகளைத் துழாவ யாரும் இதைப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகப் பிரவுசர்கள் காரணத்தை வேண்டுமென்றே மறைக்கின்றன. ஆகவே இணைப்பு போனது பற்றிய முடிவுகளை எல்லாம் ‘குளோஸ்’ நிகழ்வில் எடுப்பதே சரி. அங்கே வரும் எண் 1000 என்றால் முறையாக மூடப்பட்டது என்றும், 1006 என்றால் விடைபெறாமலே அறுந்தது என்றும் பொருள்.

செய்தியை அனுப்ப ‘சென்ட்’ என்ற செயல்கூறு உண்டு. தொடக்கநிலையில் இருப்பவர்களைப் பெரிதும் குழப்புவது இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். இணைப்பு இன்னும் திறந்துகொண்டிருக்கும்போது ‘சென்ட்’ செய்தால் பிழை வெளிப்படையாக எறியப்படும். அதனால் தவறு உடனே கண்ணில் படும். ஆனால் இணைப்பு மூடிய பிறகு ‘சென்ட்’ செய்தால் எந்தப் பிழையும் வராது. செய்தி ஓசையின்றித் தூக்கி எறியப்படும். பக்கத்தை எழுதியவர் செய்தி போய்விட்டது என்று எண்ணிக்கொள்வார், பயனாளியும் அப்படியே நம்புவார், சர்வருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ‘சென்ட்’ என்று நேரடியாக எங்கும் அழைக்காமல், இணைப்பின் நிலையைச் சரிபார்த்துவிட்டு அனுப்பும் ஒரே ஒரு செயல்கூறை எழுதி, செயலி முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும்.

சாக்கெட்டை, அதாவது இந்த இணைப்பை, நிரலில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். திரையின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஓர் இணைப்பைத் திறந்துகொண்டால், ஒரே பயனாளியிடமிருந்து ஐந்தாறு இணைப்புகள் சர்வருக்குச் செல்லும். இணைப்பைத் திறப்பது, மூடுவது, மீண்டும் இணைப்பது ஆகிய வேலைகளை ஒரு தனிக் கோப்பில் வைத்து, விலைப்பலகையும் ஆர்டர் படிவமும் அதனிடம் தங்களுக்கு வேண்டிய செய்திகளை மட்டும் கேட்டுப் பெறும்படி அமைப்பதே நல்லது. திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகத்தைப் பயன்படுத்துவோர், திரையின் பகுதி தோன்றியதும் இயங்கும் ‘யூஸ்எஃபெக்ட்’டுக்குள் இணைப்பைத் திறந்தால், அதன் துப்புரவுப் பகுதியில் கட்டாயம் மூடவும் வேண்டும். ரியாக்ட் 18 முதல், பிழைகளைக் காட்டிக்கொடுப்பதற்கான கண்டிப்பு முறையில், செயலியை உருவாக்கும்போது ‘யூஸ்எஃபெக்ட்’ வேண்டுமென்றே இருமுறை இயக்கப்படுகிறது. அதனால் மூட மறந்தவருக்கு ஒவ்வொரு விலை மாற்றமும் இரண்டு முறை வந்து நிற்கும். அதை ரியாக்டின் கோளாறு என்று எண்ணி அந்த முறையையே அணைத்துவிடுவோர் உண்டு. அணைக்கக் கூடாது, அது சுட்டிக்காட்டுவது நம் நிரலின் குறையை.

அறுந்த இணைப்பு தன்னைத் தானே அறிவிப்பதில்லை

இணைப்பைத் திறப்பது ஒரு வரி வேலை. திறந்த இணைப்பு அறுந்துபோகும்போது பக்கம் என்ன செய்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பூ வாங்கியவர் தோவாளையிலிருந்து கிளம்பி வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார் என்று கொள்வோம். கடையின் வைஃபையிலிருந்து அவருடைய போன் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில் போனின் இணைய முகவரி மாறிவிடுவதால் பழைய இணைப்பு பயனற்றுப் போகும். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு இடையே போகிறவருக்கும் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். இப்படி நேரும்போது ‘குளோஸ்’ நிகழ்வு உடனே எழும் என்று எதிர்பார்க்க முடியாது. எதிர்முனையிலிருந்து ஒன்றும் வராத நிலையும், எதிர்முனைக்குச் சொல்ல ஒன்றுமில்லாத நிலையும் பிரவுசருக்கு ஒன்றுபோலவே தெரியும். அதனால் பல நிமிடங்கள் வரைகூட இணைப்பு திறந்திருப்பதாகவே அது எண்ணிக்கொண்டிருக்கலாம். திரையிலோ பிச்சிப்பூ கிலோ 600 ரூபாய் என்ற எண் மிகத் தெளிவாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், சந்தையில் அது 900 ஆகிப் பத்து நிமிடம் ஆன பிறகும்.

பழைய விலையை நேரலை விலை என்று காட்டும் பக்கம், விலையே காட்டாத பக்கத்தைவிடத் தீங்கானது. விலை தெரியாதவர் போன் செய்து கேட்பார். தவறான விலையை நம்பியவர் அதை வைத்து மாலைக்கு முன்பணம் வாங்கிவிடுவார்.

வெப்சாக்கெட் முறையில் ‘பிங்’, ‘பாங்’ என்ற இரண்டு சிறப்புப் பிரேம்கள் இருக்கின்றன. ஒருவர் பிங் அனுப்பினால் மற்றவர் பாங் அனுப்பித் தாம் உயிருடன் இருப்பதைக் காட்ட வேண்டும். ஆனால் பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு பிங் அனுப்பவும் வழியில்லை, வந்த பிங்கைக் காணவும் வழியில்லை. பிரவுசர் உள்ளுக்குள்ளேயே பாங் அனுப்பிவிடுகிறது. அது சர்வருக்குப் போதுமானது, நமக்குப் போதாது. எனவே நாடித்துடிப்பு போன்ற ஒரு சிறு செய்தியை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். சர்வர் 20 விநாடிக்கு ஒருமுறை மிகச் சிறிய சாதாரணச் செய்தி ஒன்றை அனுப்பட்டும். முகப்பு நிரல் ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஒரு கடிகாரத்தைப் புதிதாகத் தொடங்கட்டும். 45 விநாடிகள் எதுவுமே வரவில்லை என்றால் இணைப்பு போய்விட்டது என்று தானே முடிவு செய்து, பழைய சாக்கெட்டைக் கைவிட்டுப் புதியதைத் திறக்க முயலட்டும். பழைய சாக்கெட்டை மூடச் சொன்னாலும், எதிர்முனையின் விடைபெறும் பதிலுக்காக அது சிறிது நேரம் காத்திருக்கலாம் என்பதால், அதன் ‘குளோஸ்’ நிகழ்வு வரட்டும் என்று நிற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் நிகழ்வுகளைக் கவனிப்பதை முதலில் நிறுத்திவிட வேண்டும்; இல்லையேல் தாமதமாக வரும் அந்த நிகழ்வு, இன்னொரு புதிய இணைப்பையும் தொடங்கி வைத்துவிடும்.

இந்தத் துடிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. சர்வருக்கு முன்னால் பெரும்பாலும் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு ப்ராக்சி நிற்கும். பின்னால் உள்ள சர்வரிடமிருந்து 60 விநாடிகள் ஒன்றும் வரவில்லை என்றால் இணைப்பை வெட்டிவிடுவது அதன் இயல்பான அமைப்பு. சந்தை மந்தமாக இருக்கும் மதிய நேரத்தில் மட்டும் சரியாக ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

இணைப்பு போனதும் உடனே மீண்டும் முயல்வது இயல்பாகத் தோன்றும். ஆனால் சர்வரையே மறுதொடக்கம் செய்யும்போது 200 பேருடைய இணைப்பும் ஒரே கணத்தில் அறுந்து, 200 பிரவுசர்களும் ஒரே கணத்தில் கதவைத் தட்டினால், எழுந்துகொண்டிருக்கும் சர்வர் மீண்டும் விழும். ஆகவே முதல் முயற்சிக்கு 1 விநாடி, தோற்றால் 2, பிறகு 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, 30 விநாடியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியோடு சிறிதளவு தற்செயல் எண்ணையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இல்லையேல் எல்லோரும் ஒரே தாளத்தில் இரட்டிப்பாக்கிக்கொண்டு மீண்டும் ஒன்றாகவே வந்து நிற்பார்கள். போனில் நெட்வொர்க் திரும்பிவிட்டது என்று பிரவுசர் அறிவித்தாலோ, பின்னணியில் கிடந்த பக்கத்தைப் பயனாளி மீண்டும் கண்முன் கொண்டுவந்தாலோ, மீதமுள்ள நேரத்தைக் காக்காமல் உடனே முயலலாம்.

இதற்கிடையே திரை உண்மையைச் சொல்ல வேண்டும். இணைப்பு நலமாக இருக்கும்போது மட்டும் ‘நேரலை’ என்று காட்டுங்கள். அறுந்துவிட்டால் விலைகளை மங்கலாக்கி, ‘காலை 6.42 மணி நிலவரம், மீண்டும் இணைக்கிறோம்’ என்று எழுதுங்கள். விலைகளை அழித்துவிட வேண்டாம். எந்த நேரத்து விலை என்று தெரிந்தால் பழைய விலையும் பயனுள்ள தகவலே.

இடைவெளியில் போனவை

ஒரே இணைப்புக்குள் செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும். ஆனால் இணைப்பு அறுந்து மீண்டும் திறந்தால், நடுவில் நடந்தவற்றைச் சர்வர் தானாக மறுமுறை அனுப்பாது. விலைப்பலகைக்கு இதன் தீர்வு எளிது. ஒவ்வொரு முறை இணைப்பு திறக்கும்போதும் சர்வர் பலகை முழுவதையும் ஒருமுறை அனுப்பிவிட்டு, அதன் பின் மாற்றங்களை மட்டும் அனுப்பினால் போதும். சில பத்து வகைப் பூக்களின் விலைதான் என்பதால் அது பெரிய சுமையும் ஆகாது. நடுவில் 700 ஆகி 650 ஆன கதை யாருக்கும் தேவையில்லை. இப்போதைய விலைதான் தேவை.

ஆர்டர் அப்படிப்பட்டதன்று. மார்த்தாண்டத்து வியாபாரி ‘சம்பங்கி 20 கிலோ’ என்று அழுத்தும்போது இணைப்பு அறுந்தால், அது போய்ச் சேரவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்து அதற்கான ஒப்புதல் மட்டும் திரும்பி வரவில்லையா என்பதை அவருடைய போனால் அறிய முடியாது. அனுப்பாமல் விட்டால் பூ வராது. மீண்டும் அனுப்பினால் 40 கிலோ வந்து இறங்கலாம். இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, அந்த எண்ணுடன் ஆர்டரைப் பிரவுசரின் சேமிப்பில் எழுதி வைத்துவிட்டே அனுப்ப வேண்டும். சர்வர் அதே எண்ணைக் குறிப்பிட்டுப் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும் வரை அது நிலுவையில் இருக்கட்டும். இணைப்பு திரும்பியதும் நிலுவையில் உள்ளவற்றை அதே எண்ணுடன் மீண்டும் அனுப்பலாம். ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால் சர்வர் புதிய ஆர்டராகக் கொள்ளாமல் ஒப்புதலை மட்டும் திருப்பி அனுப்பும். திரையிலும் பொத்தானை அழுத்தியவுடன் ‘ஆர்டர் ஏற்கப்பட்டது’ என்று காட்டாமல், ‘அனுப்புகிறோம்’ என்று காட்டி, ஒப்புதல் வந்த பிறகே மாற்ற வேண்டும். ஒருவருடைய பணம் இதில் இருக்கிறது என்பதால் இந்த ஒரு வரியில் அவசரப்படக் கூடாது.

யார் பேசுகிறார் என்பதைச் சோதித்தல்

சர்வர் முகவரி டபிள்யூஎஸ் என்று தொடங்கினால் செய்திகள் மறையாக்கம் இன்றிச் செல்லும். டபிள்யூஎஸ்எஸ் என்றால் மறையாக்கப்பட்டுச் செல்லும். எச்டிடிபிஎஸ் வழியாக வந்த பக்கத்திலிருந்து வெளிச் சர்வர் ஒன்றுக்கு மறையாக்கம் இல்லாத சாக்கெட்டைத் திறக்கப் பிரவுசர் அனுமதிக்காது. வழக்கமான கோரிக்கைகளுக்குப் பிரவுசர் போடும் ஒரே-மூல வேலி (ஒரு தளத்தின் நிரல் வேறு தளத்தின் பதிலைப் படிக்காமல் தடுக்கும் விதி) சாக்கெட்டுக்கு இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வேறெந்தத் தளத்தில் உள்ள நிரலும் நம் சர்வருக்கு ஒரு சாக்கெட்டைத் திறக்க முயலலாம். குக்கீயும் அதனுடன் சேர்ந்து வந்துவிடக்கூடும். ஆகவே கைகோத்தலின்போது வரும் ‘ஆரிஜின்’ தலைப்பு வரியைப் பார்த்து, நம் தளத்திலிருந்து வந்ததா என்று சர்வர் சோதித்தாக வேண்டும். பிரவுசரின் சாக்கெட்டில் நாமாகத் தலைப்பு வரி சேர்க்க முடியாது என்பதால், பயனாளி யார் என்று காட்டும் அடையாளச் சீட்டை முகவரியில் ஒட்டி அனுப்புவோர் பலர். அந்த முகவரி சர்வர் பதிவேடுகளில் அப்படியே பதிந்துவிடும் அபாயம் இருப்பதால், இணைப்பு திறந்ததும் முதல் செய்தியாகச் சீட்டை அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. விலையைப் பார்க்க யாரையும் அனுமதிக்கலாம்; விலையை மாற்ற யாருக்கு உரிமை என்பதை ஒவ்வொரு செய்திக்கும் சர்வர் சோதிக்க வேண்டும். முகப்பில் பொத்தானை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது.

வெப்சாக்கெட் தேவையா என்ற கேள்வி

இத்தனையும் சொன்ன பிறகு, நம் பலகை விலையைக் காட்ட மட்டுமே செய்யும், ஆர்டர் எடுக்காது என்றால், வெப்சாக்கெட் வேண்டியதே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். சர்வரிலிருந்து பிரவுசருக்கு மட்டும் செய்தி வந்தால் போதும் என்னும் இடங்களுக்கு ‘ஈவென்ட்சோர்ஸ்’ என்ற எளிய வசதி பிரவுசரிலேயே உள்ளது. அது சாதாரண எச்டிடிபியிலேயே இயங்குகிறது; அறுந்தால் தானாகவே மீண்டும் இணைகிறது; கடைசியாகப் பெற்ற செய்தியின் எண்ணையும் தானே சர்வருக்குச் சொல்கிறது. எச்டிடிபி-யின் பழைய 1.1 பதிப்பில் ஒரே தளத்துக்குப் பிரவுசர் ஆறு இணைப்புகளையே அனுமதிக்கும் என்பதால், ஒருவர் பல டேப்களில் பக்கத்தைத் திறந்தால் சிக்கல் வரும். சர்வர் எச்டிடிபி-2 பேசினால் அதுவும் இல்லை.

சாக்கெட்.ஐஓ என்ற நூலகத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். மறு இணைப்பு, துடிப்பு, ஒப்புதல், குழுக்கள் ஆகியவற்றை அது ஆயத்தமாகத் தருவதால் முதல் செயலிக்கு அது தகுந்த தேர்வுதான். ஆனால் அது வெப்சாக்கெட்டின் மேல் தனக்கென ஒரு முறையைக் கட்டியிருக்கிறது. பிரவுசரின் சாதாரண வெப்சாக்கெட்டால் சாக்கெட்.ஐஓ சர்வருடன் பேச முடியாது, சாக்கெட்.ஐஓ-வின் பிரவுசர் நூலகத்தாலும் சாதாரண வெப்சாக்கெட் சர்வருடன் பேச முடியாது. இரு பக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும். பொதுவான அமைப்பில் அது முதலில் லாங் போலிங்காகத் தொடங்கிப் பிறகு வெப்சாக்கெட்டுக்கு உயர்வதால், பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் பகுதியில் சில எச்டிடிபி கோரிக்கைகளைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதில் நம் கடற்கரை மாவட்டத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெப்சாக்கெட் இணைப்பு, பக்கம் திறந்திருக்கும் வரை, நெட்வொர்க் இருக்கும் வரை மட்டுமே உயிருடன் இருக்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்கள் செல்போன் கோபுரங்களின் எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தார்கள். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ துறைமுக ஏல விலையைக் காட்ட ஒரு சாக்கெட் பக்கம் கட்டுங்கள். அது நல்ல வேலை. ஆனால் கடலில் இருப்பவருக்கான எச்சரிக்கையை அதன் மேல் ஏற்றி வைக்காதீர்கள். அது செயற்கைக்கோள், வானொலித் தொடர்புகளின் வேலை.

கட்டி முடித்த பக்கத்தைச் சோதிக்க, பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வெப்சாக்கெட் வகையை மட்டும் வடிகட்டுங்கள். 101 என்ற நிலை எண்ணும், அந்த இணைப்பில் வந்துபோகும் ஒவ்வொரு செய்தியும் நேரத்துடன் தெரியும். அதன் பிறகு உண்மையான போனில் பக்கத்தைத் திறந்து, வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாற்றுங்கள். விமானப் பயன்முறையில் போட்டு இரண்டு நிமிடம் கழித்து எடுங்கள். வேறு செயலிக்குப் போய்த் திரும்புங்கள். பக்கம் திறந்திருக்கும்போதே சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் ‘நேரலை’ என்ற சொல் எத்தனை விநாடியில் மறைகிறது, எத்தனை விநாடியில் திரும்புகிறது, திரும்பியபோது பலகையில் இருப்பது சர்வரில் உள்ள விலைதானா, நிலுவையில் இருந்த ஆர்டர் ஒருமுறை மட்டும் பதிந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறைய 45 விநாடிக்கு மேல் ஆனால் கடிகாரத்தின் நிரலையும், ஆர்டர் இருமுறை பதிந்தால் அடையாள எண்ணைச் சோதிக்கும் சர்வர் பகுதியையும் முதலில் பாருங்கள்.